ஈஸ்டர் ஒரே நாள் பண்டிகையா? அடுத்த 50 நாள்களில் என்னென்ன விசேஷம்?

ஈஸ்டர் ஞாயிறோடு கொண்டாட்டம் முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில், அன்றுதான் தொடங்குகிறது. தவக்காலம் 40 நாள் என்றால், உயிர்ப்பின் மகிழ்ச்சிக்கு 50 நாள்!

அடுத்த ஞாயிறு: கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்படுவது தோமாவின் கதை. காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றவர் அவர். இயேசு அவரை விலக்கவில்லை. தொட்டுப் பார்க்க அழைத்தார். இந்த நாளை இறை இரக்க ஞாயிறாக 2000-ம் ஆண்டில் அறிவித்தவர், போப் இரண்டாம் ஜான் பால்.

40-ம் நாள்: இயேசு விண்ணேறிய பெருவிழா. கணக்குப்படி வியாழக்கிழமை வரும். பல நாடுகளில் அடுத்த ஞாயிறன்று கொண்டாடுகிறார்கள். குரு விடைபெற, பொறுப்பு சீடர்கள் கைக்கு வந்த நாள் இது.

50-ம் நாள்: பெந்தெகொஸ்தே. கிரேக்கத்தில் 'ஐம்பதாவது' என்று அர்த்தம். முதலில் இது யூதர்களின் அறுவடைத் திருவிழா. பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த அதே சீடர்கள், தூய ஆவியைப் பெற்று ஊரறியப் பேசத் தொடங்கியது அன்றுதான். அதனால் இதைத் திருச்சபையின் பிறந்தநாள் என்பார்கள். அன்று பல ஆலயங்களில் குருக்கள் சிவப்பு உடை அணிவார்கள், நெருப்பின் நிறம்.

சந்தேகம், பிரிவு, பிறகு துணிச்சல். நல்ல செய்தி காதில் விழுந்த பிறகும், சீடர்களுக்கே பயம் தெளிய 50 நாள் ஆனது. துக்கத்திலிருந்து மீள நமக்கும் நாளாகலாம். அதில் தப்பே இல்லை!