கோழியைக் காப்பது கூட்டின் கதவு

விடியற்காலையில் கூட்டைத் திறக்கப் போகும்போது இறகு சிதறிக் கிடந்தால், நம் கிராமங்களில் முதலில் எழும் பேச்சு “நரி வந்துருச்சு” என்பது. அடுத்த பேச்சு, அவுட்டுக்காய் என்கிற இரைவெடி யாரிடம் கிடைக்கும், குருணை மருந்தைக் கறியில் கலந்து வைக்கலாமா, வேலிக் கம்பியில் கரண்டு கொடுக்கலாமா என்று போகிறது. அடை வைத்து, குஞ்சு பொரித்து, கண்ணும் கருத்துமாக வளர்த்த கோழி போனால் வயிறு எரியத்தான் செய்யும். சந்தைக்குக் கொண்டுபோகிற அந்தச் சேவல் பல பெண்களுக்குச் சொந்தக் கையிருப்பு. ஆனாலும் அந்த ஆத்திரத்தில் எடுக்கிற முடிவு கோழியை விடப் பெரிய இழப்பில் கொண்டுபோய் விடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1972-ம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டது; அந்தத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நரியும், கொங்குப் பக்கம் வங்காநரி என்று சொல்கிற குள்ளநரியும் இப்போது முதல் அட்டவணையில், அதாவது புலியும் யானையும் இருக்கிற அதே பட்டியலில் உள்ளன. இவற்றைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை; அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. சுடுவது மட்டும் வேட்டை ஆகாது. விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, பிடிப்பது, பிடிக்க முயல்வதுகூட வேட்டைதான். “என் தோட்டத்துக்குள் வந்தது, என் கோழியைத் தின்றது” என்ற வாதம் எடுபடாது. தன் உயிரையோ இன்னொருவர் உயிரையோ காக்க, வேறு வழியின்றி நல்லெண்ணத்தோடு தாக்கினால் மட்டுமே சட்டம் விலக்குத் தருகிறது. கோழிக்கு அந்த விலக்கு இல்லை. சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலையொட்டி வங்காநரியைப் பிடித்து வழிபட்டுத் திரும்ப விட்டுவிடும் பழக்கம் உண்டு. கொல்லாமல் விட்டும், பிடித்ததற்காகவே அங்கே வனத்துறை அபராதம் விதித்திருக்கிறது.

தெருநாயைக் கொல்வதும் குற்றமே. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ம் பிரிவின்படி விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் 5 ஆண்டு வரை சிறை கிடைக்கும்.

சட்டத்தை விடுங்கள், வைத்த வெடியும் விஷமும் நரிக்கென்று காத்திருப்பதில்லை. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானை ஒன்று வெடியைக் கடித்து வாய் சிதைந்து, ஆற்றில் நின்றபடியே இறந்தது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டத்துக்குப் புறம்பான மின்வேலியில் சிக்கி 3 யானைகள் மாண்டன, இரண்டு குட்டிகள் தாயின் உடலைச் சுற்றிவந்து தவித்தன, நிலத்துக்காரர் கைதானார். வீட்டு இணைப்பிலிருந்து கம்பிக்கு நேரடியாக மின்சாரம் கொடுப்பது எந்த நிலத்திலும் குற்றம். விடியலில் வெளிக்குப் போகிறவர்களும், தண்ணீர் பாய்ச்ச வருகிறவர்களும், ஆடு மேய்க்கிற பிள்ளைகளும் அந்தக் கம்பியில்தான் கால் வைக்கிறார்கள். மருந்து கலந்த கறியை மயிலும் காகமும் உங்கள் வீட்டு நாயும் தின்னும்.

இத்தனைக்கும், வந்தது நரிதானா என்பதே பல நேரம் தெரியாது. நரி கோழியை அங்கேயே தின்னாது. கவ்விக்கொண்டு புதருக்குப் போகும். இறகு ஒரே திசையில் கோடு போட்டதுபோல் சிதறியிருக்கும், கூட்டின் ஓரத்தில் மண் தோண்டியிருக்கும். பல கோழிகளைக் கடித்துக் குதறிவிட்டுத் தின்னாமல் போட்டுவிட்டுப் போயிருந்தால் அது பெரும்பாலும் நாய். கூரை இடுக்கு வழியாக வந்து கழுத்தையும் தலையையும் கடித்திருந்தால் மரநாயைச் சந்தேகிக்கலாம். பட்டப்பகலில் குஞ்சும் முட்டையும் குறைந்தால் கீரி, ஓடுகூட இல்லாமல் முட்டை காணாமல் போனால் பாம்பு. உடம்பில் காயமே இல்லாமல் கோழி செத்துக் கிடந்தால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். உடனே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், நரியைத் தேடி நேரத்தை விடாதீர்கள்.

ஒரு நரியைக் கொன்றால் காலியான அந்த இடத்துக்கு இன்னொரு நரி வரும். கூடு அதே ஓட்டையோடு இருந்தால் அதுவும் அதே வழியாகத்தான் நுழையும். அதனால் கூட்டைப் பாருங்கள்.

பஞ்சாரம் காகத்துக்கும் பருந்துக்கும் போதும். நரி மூக்கால் தள்ளிக் கவிழ்த்துவிடும். இரவில் பஞ்சாரத்தைத் திண்ணைக்கோ வீட்டுக்குள்ளோ கொண்டுவந்து, மேலே கனமான கல்லை வைக்க வேண்டும். கோழி அதிகம் என்றால் இரண்டு மூன்று அடி உயரக் கால் வைத்த கூடு நல்லது. கடையில் மலிவாகக் கிடைக்கிற அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே நிறுத்தும், அவ்வளவுதான். நாயும் நரியும் அதைக் கடித்துப் பிய்த்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். முழுக் கூட்டுக்கும் வாங்க முடியாவிட்டால், தரையிலிருந்து மூன்றடி உயரம் வரையிலாவது அதை அடியுங்கள்.

தரையோடு ஒட்டிய கூடு என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. கூட்டைச் சுற்றி வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்கு அதே வலையைத் தரையில் படுக்க வைத்து, அடிச்சட்டத்தோடு கட்டுக்கம்பியால் இறுக்கி, மேலே கல்லும் மண்ணும் பரப்புங்கள். நரி சுவரை ஒட்டித்தான் பறிக்கும். அங்கே நகத்தில் வலை தட்டுப்பட்டால், இரண்டடி பின்னால் போய்த் தோண்ட வேண்டும் என்று பெரும்பாலும் அதற்குத் தோன்றாது. ஆழமாகக் குழி வெட்டிச் சுவர் எழுப்புகிற செலவு இதனால் மிச்சம்.

கதவில் கயிறு கட்டுவதை விட்டு, தாழ்ப்பாளோடு கொக்கியும் போடுங்கள். பொழுது சாய்வதற்கு முன், தினமும் ஒரே குரலில் அழைத்து, ஒரு கைப்பிடி கம்போ நொய்யோ கூட்டுக்குள் இறைத்தால் சில நாளில் கோழிகள் தாமாக அடைய வரும். எண்ணிப் பார்த்துவிட்டுத் தாழிடுங்கள். முருங்கை மரத்தில் தங்கிப் பழகிய கோழியையும் இறக்கிக்கொண்டு வாருங்கள். மரநாய்க்கு மரம் ஏறத் தெரியும். புதரில் ரகசியமாக அடை உட்கார்ந்த கோழிக்குத்தான் ஆபத்து அதிகம். அதைத் தேடிப் பிடித்து, மணல் பரப்பிய கூடையில் வீட்டுக்குள் வையுங்கள்.

செத்த கோழியையும் கறிக்கழிவையும் ஓடையில் வீசும் வழக்கத்தை ஊரே சேர்ந்து நிறுத்த வேண்டும். நரியையும் நாயையும் ஊருக்குள் அழைப்பதே அதுதான். ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

தெருநாய் கடித்து இறக்கும் மாடு, ஆடு, கோழிகளுக்கு இழப்பீடு தருவதாகத் தமிழக அரசு 2025-ல் அறிவித்தது. இறந்த உடலைப் புதைப்பதற்கு முன் படம் எடுத்து, கால்நடை உதவி மருத்துவரிடம் காட்டிச் சான்று கேளுங்கள். கூட்டுக்குள் நரியோ மரநாயோ மாட்டிக்கொண்டால் கையால் பிடிக்காமல், கதவைத் திறந்து விலகி நில்லுங்கள். போகவில்லை என்றால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் காயத்தில் அப்பாதீர்கள்.

உங்கள் ஊரில் யாராவது அவுட்டுக்காய் வைத்திருப்பதோ, வேலியில் கரண்டு இழுத்திருப்பதோ தெரிந்தால், பக்கத்துத் தோட்டக்காரர் ஆயிற்றே என்று தயங்காதீர்கள். முதலில் அவரிடமே பேசி எடுக்கச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் அன்றைக்கே வனத்துறைக்கும் மின்வாரியத்துக்கும் தகவல் கொடுத்துவிடுங்கள்.