"நாளைக்கு ரெண்டுதான்"

இலங்கையில் பல்லேபொல போன்ற ஊர்களின் சில்லறைக் கடைகளில் சிகரெட்டைப் பெட்டியாக வாங்குபவர் குறைவு. முதலாளி ஒவ்வொன்றாக உருவிக் கொடுப்பார். வாசலில் நூல் கட்டிய லைட்டர் தொங்கும். ஒரு பிளேன்டி, ஒரு சிகரெட், பிறகு வேலைக்கு. ஒன்றின் விலையே 100 ரூபாவைத் தாண்டிவிட்ட பிறகு முழுப் பெட்டிக்கு யாரிடம் காசு? இப்படி வாங்குபவரிடம் புகைப்பீர்களா என்று கேட்டால், "சும்மா, நாளைக்கு ரெண்டுதான்" என்பார். புகைப்பவர் என்றால் அது வேறு யாரோ என்பது அவர் நினைப்பு.

இதயம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. 2018இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. நாளைக்கு 20 சிகரெட் புகைப்பவருக்கு இதய நோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி ஒன்றே ஒன்று புகைப்பவருக்கும் கூடுகிறது என்றது அது. நுரையீரல் புற்றுநோயில் எண்ணிக்கையும் வருடங்களும் ஏற ஏற ஆபத்தும் ஏறும். குருதிக் குழாய்க்கோ கொஞ்சப் புகையே போதும்: உட்சுவர் கெடும், குருதி எளிதில் உறையும். பத்தை இரண்டாக்கியவருக்குக் காசு மிஞ்சும், இதயத்துக்கு மிஞ்சுவது சொற்பம். பீடிக்கு மாறுவதாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. அணையாமல் வைத்திருக்க அதை இன்னும் அடிக்கடி இழுக்க வேண்டும்.

அடியோடு நிறுத்தினால் கதை மாறும். சில நாட்களில் குருதியிலிருந்து காபன் மொனொக்சைட்டு நீங்கிவிடும். ஓரிரு வருடங்களில் மாரடைப்பு ஆபத்து வெகுவாக இறங்கும். பத்து வருடமளவில் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருடையதில் பாதியாகும். பிரித்தானிய ஆண் வைத்தியர்களை 1951 முதல் 2001 வரை பின்தொடர்ந்த ஆய்வின்படி, புகைத்துக்கொண்டே இருந்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தார்கள். 60 வயதில் நிறுத்தியவர்கள் அதில் மூன்று ஆண்டையும், 50இல் நிறுத்தியவர்கள் ஆறையும், 40இல் நிறுத்தியவர்கள் ஒன்பதையும் மீட்டார்கள். "இந்த வயசுக்கு மேல விட்டு என்ன செய்ய?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

எல்லாம் திரும்பிவிடாது என்பதையும் மறைக்கக் கூடாது. சிதைந்துபோன நுரையீரல் காற்றறைகள் மீண்டும் முளைப்பதில்லை. மேடு ஏறும்போது மூச்சு வாங்குபவருக்கு நிறுத்திய பிறகும் வாங்கலாம். அது மேலும் மோசமாகும் வேகம் மட்டும் குறையும். முதல் சில வாரங்களில் சிலருக்கு இருமல் கூடும். நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்யத் தொடங்கியிருக்கிறது. அதைக் கண்டு பயந்து மறுபடி பற்றவைக்க வேண்டாம்.

முதல் வாரம்தான் கஷ்டமானது. எரிச்சல், தூக்கமின்மை, பசி எல்லாம் வரும். பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களில் தணியும். அதைத் தாண்டியவரையும் விழுத்துவது மரண வீடு. வெற்றிலையோடு பீடியையும் சிகரெட்டையும் தட்டில் வைத்து நீட்டும்போது, மூன்று மாதம் தொடாதவரும் மரியாதைக்காக ஒன்றை எடுப்பார். ஊர் மரண உதவிச் சங்கம் ஒரு கூட்டத்தில் முடிவெடுத்தால் அந்தத் தட்டில் பீடியும் சிகரெட்டும் இருக்காது. புகையிலைத் துண்டும் வேண்டாம். இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்பதற்கு அந்தத் துண்டும் ஒரு காரணம்.

தனியாகப் போராட வேண்டியதில்லை. 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் புகையிலையை விட இலவச ஆலோசனை கிடைக்கும். அரச வைத்தியசாலைகளோடு இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் 35 வயது தாண்டியவர்கள் குருதி அழுத்தம், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதித்துக்கொண்டு, அங்கேயே இதைப் பற்றியும் பேசலாம். நிக்கொட்டின் ஒட்டு, சூயிங்கம் போன்ற மருந்துகள் உங்களுக்குப் பொருந்துமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். மூச்சிழுப்புக்குத் தியோபிலின் குடிப்பவர் புகைப்பதை நிறுத்தியதும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். புகை நின்றால் அந்த மருந்து உடலில் கூடுதலாகத் தங்கும். அளவைக் குறைக்க வேண்டி வரலாம்.

இனிச் சட்டம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தத்தின்படி சிகரெட் பெட்டியில் 80 வீதத்தை எச்சரிக்கைப் படங்கள் மூட வேண்டும். ஒன்றிரண்டாக வாங்குபவரின் கைக்குப் பெட்டி வருவதே இல்லை. படம் முதலாளிக்கு மட்டும்தான். அதே சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதைத் தடுக்கிறது. "அப்பா வாங்கிவரச் சொன்னார்" என்று பிள்ளை சொன்னாலும் விற்கக் கூடாது. ஆகவே அப்பாமாரும் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதிருப்பது நல்லது. மூடிய பொது இடங்களில் புகைப்பதும் குற்றம், புகைக்க விடுவதும் குற்றம். பக்கத்தில் ஒருவர் பற்றவைத்தால் அணைக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அந்த இடத்தின் பொறுப்பாளரிடம் சொன்னால் அவர் தலையிட்டே ஆக வேண்டும். மாணவர்களுக்கு விற்கும் கடை இருந்தால் முதலாளியோடு வாய்த்தர்க்கம் வேண்டாம். கடை இருக்கும் இடத்தையும் விற்கும் நேரத்தையும் குறித்து, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ பொலிஸிலோ கொடுங்கள். நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் இருவருக்கும் உண்டு.