சந்தைப் பை முதல் சதுப்பு நிலம் வரை: கொல்கத்தா அன்றும் இன்றும்

கடையில் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதை அறத்தின் கேள்வியாக்கித் தெருவுக்குக் கொண்டுவந்த நகரம் கொல்கத்தா. வைஸ்ராய் கர்சன் பிரபு வங்காளத்தைக் கூறுபோட முடிவு செய்தபோது, 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் கூடிய பெருங்கூட்டம் அந்நியப் பொருளைப் புறக்கணிப்பதென்று தீர்மானித்தது. மான்செஸ்டர் துணி தெருமுனைகளில் எரிந்தது. பிரபுல்ல சந்திர ராய் நடத்திய பெங்கால் கெமிக்கல்ஸ் போன்ற உள்ளூர் நிறுவனங்களுக்குப் புதிய மவுசு வந்தது. அந்தச் சுதேசி அலை தெற்கே தூத்துக்குடி வரை வந்து, அடுத்த ஆண்டே வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியாக உருவெடுத்தது. 1911இல் வங்காளப் பிரிவினையை அரசாங்கம் கைவிட்டது.

அதே நகரத்தின் பேரங்காடிகளில் இன்று இயற்கை வேளாண் அரிசி, மூங்கில் பல்துலக்கி, மறுசுழற்சிக் காகிதத்தில் செய்த நோட்டு என்று தனி அடுக்கே இருக்கிறது. வாங்குபவரின் மனசாட்சிக்கு இப்போதும் வேலை இருக்கிறது. கேள்விதான் மாறிவிட்டது. "இதைச் செய்தவன் யார், என் காசு யாருக்குப் போகிறது?" என்பது அன்றைய கேள்வி. "தூக்கியெறிந்த பிறகு இது எங்கே போய்ச் சேரும்?" என்பது இன்றைய கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு காலத்தில் கொல்கத்தாவிடம் பதில் இருந்தது. அந்தப் பதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவிய கதைதான் இது.

கையில் ஒரு பை

முன்பெல்லாம், காலையில் பையோடு சந்தைக்குப் போவது வங்காளி நடுத்தரக் குடும்பத்துத் தலைவரின் அன்றாடக் கடமை. மாணிக்தலாவோ, கரியாஹாட்டோ, தமிழர்களுக்கு நன்கு பழக்கமான லேக் மார்க்கெட்டோ, எங்கு போனாலும் காய்கறிக்குச் சணல் பை ஒன்று, மீனுக்கென்று இன்னொன்று. பருப்பும் மசாலாவும் பழைய செய்தித்தாளை ஒட்டிச் செய்த காகிதப் பையில் வரும். கச்சோரியும் தொட்டுக்கொள்ளும் உருளைக்கிழங்கும் சால் இலைத் தொன்னையில் கிடைக்கும். ஹரிங்கட்டா பால் கண்ணாடிப் பாட்டிலில் வந்து, காலி பாட்டில் திரும்பிப் போகும். படித்து முடித்த செய்தித்தாள் எடைக்குப் போய், மறுபடி மளிகைக் கடையின் பொட்டலமாகும்.

இதையெல்லாம் யாரும் பூமியைக் காப்பாற்றச் செய்யவில்லை. காசு குறைவு, கடைக்காரர் பை தரமாட்டார், தாளுக்கு விலை உண்டு. அவ்வளவுதான். சிக்கனமே ஒழுங்காக இருந்தது.

பாலிதீன் பை வந்ததும் அந்த ஒழுங்கு கலைந்தது. 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு நாடெங்கும் தடை வந்தது. பைக்குக் குறைந்தபட்சத் தடிமனும் விதிக்கப்பட்டது. ஆனாலும் மீன்காரர் கையில் மெல்லிய பை இன்னும் இருக்கிறது. வெறுங்கையோடு வரும் வாடிக்கையாளரை இழக்க அவரால் முடியாது. வீட்டு வாசலுக்குப் பத்தே நிமிடத்தில் மளிகை வந்துவிடும் காலத்தில், பையை எடுத்துச் செல்லும் அந்தக் கடமையே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு முரண் உண்டு. இந்தியாவின் முதல் சணல் ஆலை 1855இல் கொல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் தொடங்கியது. பிறகு ஹூக்ளி நதியின் இரு கரைகளிலும் ஆலைகள் வரிசை கட்டின. மட்கும் பையை உலகுக்கே அனுப்பிய நகரம் இது. இன்று அந்த ஆலைகளை முதன்மையாகத் தாங்கி நிற்பது, அரசு கொள்முதல் செய்யும் தானியத்தைச் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும் என்ற 1987ஆம் ஆண்டுச் சட்டம். உள்ளூர்க்காரரின் சந்தைப் பையை நம்பி ஓர் ஆலைகூட ஓடாது.

தேநீரும் குவளையும்

கொல்கத்தா தெருவோரத் தேநீரின் அடையாளம் மண் குவளை. குடித்துவிட்டு எறிந்தால் உடைந்து மண்ணோடு போகும். இன்று பல கடைகளில் குவளை வேண்டுமா, காகிதக் கப் வேண்டுமா என்று கேட்கிறார்கள். விலையும் வேறு. காகிதம் என்றதும் மனம் சமாதானமாகிவிடுகிறது. ஆனால் தேநீர் ஊறி ஒழுகாமலிருக்க அந்தக் கப்பின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. சுடுநீர் கால் மணி நேரம் இருந்தால் 100 மில்லி லிட்டரில் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று, இதே மாநிலத்தின் கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தார்கள்.

அதற்காக மண் குவளையைப் புனிதமாக்கிவிடவும் முடியாது. ஒரே ஒரு தடவை குடிப்பதற்காக மண்ணைத் தோண்டி, சூளையில் எரிபொருளைப் போட்டுச் சுடுகிறார்கள். கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் கண்ணாடி டம்ளர்தான் கணக்கில் வெல்லும். 2004இல் ரயில்வே அமைச்சராக இருந்த லாலு பிரசாத் ரயில் நிலையங்களில் மண் குவளையைக் கட்டாயமாக்க முயன்றார், திட்டம் நிலைக்கவில்லை. அதே சமயம், எந்த உத்தரவும் இல்லாமல் இனிப்புக் கடைகளில் மிஷ்டி தொய் இன்றும் மண் சட்டியில் உறைகிறது. மண் ஈரத்தை உறிஞ்சுவதால் தயிர் கெட்டிப்படுகிறது, சுவை கூடுகிறது. உபதேசத்தால் நிற்காதது உபயோகத்தால் நிற்கிறது.

குவளையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், உள்ளே இருக்கும் தேநீரைப் பற்றிப் பேசுகிறோமா? 1861 முதல் தேயிலை ஏலம் நடக்கும் நகரம் இது. டார்ஜிலிங் மக்காய்பாரி தோட்டம் 1988இலேயே இயற்கை வேளாண் சான்று பெற்றது. அதன் உயர்ரகத் தேயிலை ஒரு கிலோ 1,850 டாலருக்கு விற்றதாக 2014இல் செய்தி வந்தது. வங்காளத்துத் தேயிலைத் தொழிலாளியின் இடைக்கால நாள்கூலியோ 2023இல்தான் 250 ரூபாயைத் தொட்டது. சுதேசிக் காலத்தின் பழைய கேள்வியை நாம் கைவிட்டதன் விலை இது. இலையில் ரசாயனம் உண்டா என்று பார்க்கிறோம். இலையைப் பறித்த கைக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பதில்லை.

குப்பை போய்ச் சேர்ந்த இடம்

ஹூக்ளி நதிக்கரை மேடு. நகரம் அங்கிருந்து கிழக்கே சரிகிறது. அதனால் கொல்கத்தாவின் கழிவுநீர் நதியை நோக்கிப் போகாமல் கிழக்கே ஓடுகிறது. அங்கே ஒரு காலத்தில் வித்யாதரி நதியின் ஓத நீர் வந்து போன உப்பு ஏரிகள் இருந்தன. நதி மண்மேடிட்டு 1920களில் செத்துப்போனதும் உப்பு நீர் நின்றது. மீன் வளர்த்தவர்கள் நகரத்தின் சாக்கடை நீரைத் தங்கள் குளங்களுக்குத் திருப்பிப் பார்த்தார்கள். மீன் செழித்தது.

ரகசியம் எளிமையானது. ஆழம் குறைந்த, அகன்ற குளங்கள், உச்சி வெயில். கழிவைப் பாக்டீரியா சிதைக்கிறது, அந்தச் சத்தில் பாசி வளர்கிறது, பாசி பிராணவாயுவைத் தருகிறது, பாசியை மீன் தின்கிறது. தெளிந்த நீர் நெல் வயலுக்குப் போகிறது. கழிவின் அளவு, குளத்தின் ஆழம், நீரை நிறுத்தும் நாள் எல்லாம் மீனவர்களுக்கு அனுபவத்தில் அத்துப்படி. பக்கத்திலேயே தாப்பாவில், நகரம் கொட்டிய குப்பையின் மேல் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே காலிஃபிளவரும் கீரையும் விளைந்தன. சந்தையில் வாங்கிய மீனின் செதிலும் காயின் தோலும் மறுபடி மீனாகவும் காயாகவும் அதே சந்தைக்கு வந்தன.

1980களின் தொடக்கத்தில் துருவஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர், நகரத்தின் கழிவுநீருக்கு என்ன நேர்கிறது என்று கண்டறியப் புறப்பட்டார். கால்வாயோரமாகவே போனவர் சேர்ந்தது ஒரு சுத்திகரிப்பு ஆலைக்கு அல்ல, இந்தக் குளங்களுக்கு. பேரி என்று உள்ளூரில் சொல்லும் அந்தக் குளங்கள் இருநூற்றைம்பதுக்கும் மேல். நாளொன்றுக்குச் சுமார் 75 கோடி லிட்டர் கழிவுநீர், மின்சாரமோ எந்திரமோ இல்லாமல் சுத்தமாகி, ஆண்டுக்குப் பத்தாயிரம் டன் அளவுக்கு மீனையும் தந்துகொண்டிருந்தது. கோஷ் 2018இல் மறையும் வரை இதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். 1992இல், அங்கே உலக வர்த்தக மையம் கட்டும் திட்டத்துக்கு எதிராகக் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி சதுப்பு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றத் தடை விதித்தார். 2002இல் 12,500 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2006இல் தனிச் சட்டமும் வந்தது.

ஆனால் இந்த ஏற்பாடு அழுகுவதை மட்டுமே செரிக்கும். டாங்ரா, டோப்சியா, தில்ஜலா பகுதிகளின் தோல் பதனிடும் பட்டறைகள் குரோமியம் கலந்த நீரை இதே கால்வாய்களில் விட்டபோது குளங்கள் திணறின. உச்ச நீதிமன்றம் 1996இல் தலையிட்ட பிறகே அவற்றைப் பான்தலாவுக்கு இடம் மாற்றும் வேலை தொடங்கியது. அடுத்து வந்தது பிளாஸ்டிக். தாப்பாவின் குப்பையில் அன்று மட்கும் பொருளே மிகுதி. இன்று அங்கே பிளாஸ்டிக் மலை நிற்கிறது. அந்தக் கலப்புக் குப்பையை வயலில் பரப்ப முடியாது. மறுபுறம் வீட்டுமனை. 1960களில் உப்பு ஏரிகளைத் தூர்த்துத்தான் சால்ட் லேக் நகரம் எழுந்தது. சட்டமும் தீர்ப்பும் இருந்தும், ஓரங்களில் மண் கொட்டிக் கட்டடம் எழுப்புவது இன்னும் நிற்கவில்லை.

ஓடாத டிராம்

குளங்களைப் போலவே கைநழுவும் இன்னோர் ஏற்பாடு டிராம். 1873 பிப்ரவரி 24 அன்று சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரை குதிரை இழுத்த டிராம், 1902இல் மின்சாரத்துக்கு மாறியது. புகை விடாத, பேட்டரிகூடத் தேவைப்படாத வாகனம். 1953இல் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியதற்கு நகரமே கொந்தளித்தது. உயர்வை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. டிராம் யாருடைய வாகனம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

2024 செப்டம்பரில், எஸ்பிளனேட்–மைதான் பாரம்பரியத் தடம் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். நகரப் பரப்பில் சாலை 6 சதவீதம்தான், டிராம் நெரிசலைக் கூட்டுகிறது என்பது அரசின் வாதம். சாலை குறைவு என்பது உண்மை. ஆனால் குறைவான சாலையில் நூறு பேரை ஏற்றும் டிராமுக்கு இடமில்லை, ஒருவர் அமர்ந்த காருக்கு இடமுண்டு என்றால் அது யாருடைய கணக்கு? 1953இல் டிராமை மூடிவிட்ட சென்னைக்கு இந்தக் கணக்கின் முடிவு தெரியும். மின்சாரப் பேருந்துகளுக்காக உலக நகரங்களின் கூட்டமைப்பான சி40இடம் 2019இல் கொல்கத்தா விருது வாங்கியது. நல்லதுதான். ஆனால் புதிய மின்வண்டியை வாங்குவதும் பழைய மின்வண்டியைக் கழித்துக் கட்டுவதும் ஒரே நகரத்தில் நடக்கிறது.

யார் தலையில் பாரம்?

காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை, 1950க்கும் 2018க்கும் இடையில் கொல்கத்தாவின் வெப்பநிலை 2.6 பாகை செல்சியஸ் ஏறியதாகச் சொன்னது. அந்த அறிக்கை ஒப்பிட்ட பெருநகரங்களில் அதுவே மிக அதிகம். புவி வெப்பத்தோடு, குளத்தைத் தூர்த்துக் கான்கிரீட் எழுப்பியதும் அந்த எண்ணில் சேர்ந்திருக்கிறது. இதைப் படிக்கும் நல்ல மனம் படைத்த ஒருவர் துணிப்பையை எடுக்கிறார், பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை மறுக்கிறார். அவரை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வேறுபாடு வாங்குபவரின் மனத்தில் இல்லை. அன்று நல்லது தானாக நடக்க நகரத்தில் ஏற்பாடு இருந்தது, அதுவே மலிவாகவும் இருந்தது. இன்று ஏற்பாட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, பொறுப்பைத் தனிமனிதர் தலையில் ஏற்றுகிறோம். நல்லதைக் கூடுதல் விலை போட்டும் விற்கிறோம்.

கூடுதல் விலையின் ஆபத்தை ரவீந்திரநாத் தாகூர் அன்றே கண்டார். 1905இல் சுதேசி இயக்கத்தின் முன்னணியில் நின்றவர், பிறகு விலகினார். 1916இல் வெளிவந்த அவரது 'கரே பைரே' நாவலில் ஜமீன்தார் நிகிலேஷ் தன் சந்தையில் அந்நியத் துணியைத் தடைசெய்ய மறுக்கிறான். மலிவுத் துணியை விற்றும் வாங்கியும் பிழைக்கும் ஏழைதான் அந்தத் தியாகத்தின் விலையைக் கொடுப்பான் என்பது அவன் வாதம். இன்று மீன்காரருக்கு அபராதம் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் பையைச் செய்யும் ஆலையை விட்டுவைக்கும்போதும் நடப்பது இதுதான்.

பழைய கல்கத்தாவுக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. அதன் சிக்கனத்தில் வறுமை இருந்தது, சேற்றில் இறங்கி உழைத்தவர்களின் நோயும் இருந்தது. நம் ஊருக்கும் இதில் பாடம் உண்டு. தமிழக அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. 2022இல் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் ஓரத்தில்தான் பெருங்குடிக் குப்பைமேடும் இருக்கிறது. மஞ்சப்பையைத் தூக்குங்கள், வேண்டியதுதான். கையோடு, உங்கள் வார்டு கவுன்சிலரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: நம் தெருக் குப்பை எங்கே போகிறது? நம் சாக்கடை எந்த நீர்நிலையில் கலக்கிறது? அந்த நீர்நிலையின் எல்லை எது? கடைக்காரரிடம் கேட்கும் கேள்வியைவிட இந்தக் கேள்விகளுக்கு வலிமை அதிகம்.