டிரையர் சூடேறவில்லையா? ஹீட்டரை மாற்ற அவசரப்படாதீர்கள்!

மழைக்காலம் வந்துவிட்டால் மும்பைவாசிகளுக்கு ஈரத்துணி பெரிய தலைவலி. ஜூன் முதல் செப்டம்பர் வரை கேலரிக் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் மின்விசிறிக்கு அடியில் கயிறு கட்டிப் பள்ளிச் சீருடையை உலர்த்தும் வீடுகள் ஏராளம்.

வசதி உள்ளவர்கள் சூடுகாற்றால் துணி உலர்த்தும் டிரையரை வாங்கி விடுகிறார்கள். அதுவும் அடைமழையின் நடுவே சூடேறாமல் காலை வாரி விடுவது உண்டு.

இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷினிலும் 'டிரையர்' என்று ஒரு தொட்டி இருக்கிறது. அதில் ஹீட்டர் கிடையாது. துணியை வேகமாகச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுவதோடு அதன் வேலை முடிந்தது. அதில் சூடு வரவில்லை என்று மெக்கானிக்கை அழைப்பது வீண் செலவு.

கையே சொல்லிவிடும்

சூடுகாற்று டிரையரில் விசிறி காற்றை இழுக்கிறது. ஹீட்டர் அதைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று துணியின் ஈரத்தை வாங்கிக்கொண்டு குழாய் வழியே வெளியேறுகிறது. சூடு, காற்றோட்டம் இரண்டும் இருந்தால்தான் துணி காயும்.

காலி டிரையரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, காற்று வெளியேறும் வாயில் கையை நீட்டிப் பாருங்கள். காற்று சூடாக, ஆனால் மெல்ல வந்தால் வழியில் அடைப்பு. பலமாக வந்தும் குளிர்ந்திருந்தால் ஹீட்டர், தெர்மோஸ்டாட், வெப்ப பியூஸ் இவற்றில் ஒன்று பழுது. குளிர்காற்று நிலையில் சுவிட்ச் திரும்பியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஞ்சுத்தூசி

துணியிலிருந்து உதிரும் பஞ்சு சல்லடையில் படிகிறது. ஒவ்வொரு முறையும் அதை எடுத்துவிட வேண்டும். சல்லடையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒழுகாமல் தேங்கினால் சோப்பும் பிரஷும் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். குழாய் மடங்கியோ நசுங்கியோ இருந்தாலும் இதே கோளாறுதான். சொட்டச் சொட்ட ஈரமாக, டிரம் நிறையத் துணியைத் திணித்தாலும் டிரையர் திணறும்.

வோல்டேஜ் குறைந்தால்

230 வோல்ட்டுக்குப் பதில் 190 வோல்ட் வந்தால் ஹீட்டரின் சூடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். 2,000 வாட் ஹீட்டர் சுமார் 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். ஆகவே 6 ஆம்பியர் பிளக்கிலோ, நீட்டிப்பு ஒயரிலோ இதை மாட்டவே கூடாது. 16 ஆம்பியர் பிளக்கே ஏற்றது.

பியூஸைத் தாண்டாதீர்

அடைப்பினால் உள்ளே வெப்பம் மிஞ்சும்போது வெப்ப பியூஸ் தன்னைப் பலியிட்டு ஹீட்டருக்கான மின்சாரத்தைத் துண்டிக்கிறது. புதிய பியூஸ் போட்டும் அடைப்பை நீக்காவிட்டால் அதுவும் போய்விடும்.

சில மெக்கானிக்குகள், "இது எதற்கு?" என்று பியூஸை ஒதுக்கி ஒயரை நேராக இணைத்து விடுவார்கள். டிரையர் உடனே சூடேறும், வீட்டுக்காரருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அடுத்த முறை வெப்பம் மிஞ்சினால் தடுக்க எதுவும் இராது. பக்கத்திலேயே எளிதில் தீப்பற்றும் பஞ்சு இருக்கிறது.

டிரையர் தீ சாதாரணமானதல்ல. 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 18 மாடிக் கட்டிடம் ஒன்றில் பல வீடுகளைச் சேதப்படுத்திய தீ, ஒரு வீட்டிலிருந்த பழுதான டிரையரில்தான் தொடங்கியது.

சுவர் ஒட்டி வீடுகள் நிறைந்த மும்பைக் கட்டிடங்களில் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம். சல்லடையையும் குழாயையும் பிளக்கைக் கழற்றிவிட்டு நீங்களே சுத்தம் செய்யலாம். உள்பாகங்களை மெக்கானிக்கிடம் விடுங்கள். வேலை முடிந்ததும், "பியூஸ் மாற்றினீர்களா, நேராக இணைத்தீர்களா?" என்று கேட்டு, பழைய பியூஸைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். டிரையர் ஓடும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகாதீர்கள்.