குளம்படிச் சாலை – 9
குளிர்காலம் ஒன்று, டெர்பி ஐந்து

கிடர்பூரிலிருந்து வடக்கே வந்தால் ஹேஸ்டிங்ஸ் முக்கு. இடப்பக்கம் வித்யாசாகர் சேதுவுக்கு ஏறும் வளைவுகள். வலப்பக்கம் ரேஸ்கோர்ஸ், அதற்கும் அப்பால் விக்டோரியா நினைவகத்தின் வெள்ளைக் குவிமாடம். 2020 மே மாதம் ஆம்பன் புயல் வந்து கம்பிகளை அறுக்கும்வரை, கிடர்பூர் – எஸ்பிளனேடு 36ஆம் எண் டிராம் இந்த மைதானத்தை ஒட்டித்தான் மணியடித்துக்கொண்டு போகும். பந்தய நாளில் அதில் ஏறுகிறவர்கள் கையில் ரேஸ் புக் இருக்கும். காதில் பென்சில் இருக்கும்.

ஜனவரியில் இங்கே கல்கத்தா டெர்பி. நான்கு வயதுக் குதிரைகள், 2,400 மீட்டர், குளிர்காலப் பருவத்தின் பெரிய நாள். ஆனால் சமீப ஆண்டுகளில் இந்த நாளுக்கு முந்தைய வாரம் லாயங்களில் நடக்கும் பேச்சைக் கேட்டால் ஒன்று புரியும். எந்தக் குதிரை ஓடப்போகிறது என்பதைவிட எந்தக் குதிரை வரவில்லை என்பதே பெரிய செய்தி. அது பம்பாய்க்குப் போகிறது, இது பெங்களூரில் நின்றுவிட்டது, இன்னொன்றுக்கு முழங்காலில் சூடு. (டிராக் ஒர்க் முடிந்து வரும் குதிரையின் முன்னங்காலை டிரெயினர் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். தோலுக்கடியில் கொஞ்சம் கூடுதல் வெப்பம் தெரிந்தால் போதும், பல மாதத் திட்டம் அந்த இடத்திலேயே கலைந்துவிடும்.)

ஊருக்கொரு டெர்பி வைத்துக்கொள்வதன் விலை என்ன என்பதுதான் இந்த வாரக் கதை.

பந்தய இனமான தரோபிரெட் குதிரைக்குப் பிறந்தநாள் தாய் ஈன்ற நாளன்று வருவதில்லை. பூமியின் வடபாதியில் பிறந்த எல்லாக் குதிரைக்கும் ஜனவரி 1. ஆஸ்திரேலியா போன்ற தென்பாதி நாடுகளில் ஆகஸ்ட் 1. மார்ச்சில் பிறந்த ஒரு குட்டியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அது கென்டக்கி டெர்பி ஓடும்போது உண்மை வயது மூன்றும் இரண்டு மாதமும். இங்கிலாந்தில் எப்சம் டெர்பிக்கு நிற்கும்போது மூன்றும் மூன்று மாதமும். கல்கத்தாவில் டெர்பி ஓடும்போது மூன்றே முக்காலைத் தாண்டியிருக்கும், காகிதத்தில் நான்கு. டிசம்பரில் மூன்று வயதுக்காரர்களின் கின்னியஸ் பந்தயத்தில் 1,600 மீட்டர் ஓடிய அதே குதிரை, சில வாரம் கழித்து 'நான்கு வயது' டெர்பியில் 2,400 மீட்டர் ஓடுகிறது. நடுவில் வளர்ந்தது காலண்டர் மட்டும்.

டெர்பியை நான்கு வயதுக்குத் தள்ளும் இந்தத் தாமதம் ஒரு நல்ல ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். மேற்கில் இரண்டு வயதுக் குட்டிகளை வசந்தத்திலேயே ஓடவிடுகிறார்கள். எலும்பு முற்றாத காலோடு அவை 1,000 மீட்டர் பறக்கின்றன. இந்தியாவில் இரண்டு வயதுப் பந்தயங்கள் ஆண்டுக் கடைசியில்தான் சூடுபிடிக்கும். சிறு வயது வேகத்தை நம்பிப் பெரிய பந்தயம் கட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே இரண்டு வயதுக் குதிரைகளுக்கான உச்சப் பந்தயம் 1984இல் தொடங்கிய பிரீடர்ஸ் கப் ஜுவனைல். அதை வென்று, அடுத்த ஆண்டு கென்டக்கி டெர்பியையும் வென்றவை 2025 டெர்பி வரை இரண்டே குதிரைகள்: 2007இல் ஸ்ட்ரீட் சென்ஸ், 2016இல் நைக்விஸ்ட். மற்ற ஜுவனைல் சாம்பியன்களில் சில டெர்பி நாளுக்கு முன்பே முடங்கின. சில ஓடித் தோற்றன.

இங்கிலாந்தின் ஐந்து கிளாசிக் பந்தயங்களும் ஒரே நாளில் முளைத்தவை அல்ல. 1776இல் செயின்ட் லெஜர், 1779இல் ஓக்ஸ், 1780இல் டெர்பி, 1809இல் 2000 கின்னியஸ், 1814இல் 1000 கின்னியஸ். முப்பத்தெட்டு ஆண்டுகளில், வேறு வேறு ஊர்க்காரர்கள் தொடங்கியவை. பின்னால் வந்தவர்கள் அவற்றை ஒரு வரிசையாகக் கோத்தார்கள்: மே மாதம் ஒரு மைல், ஜூனில் ஒன்றரை மைல், செப்டம்பரில் அதைவிட நீளம். ஒரே குதிரை மூன்றையும் முயலலாம். நாடு முழுவதற்கும் ஒரே ஒரு வரிசை என்பதால்தான் அந்தப் பெயர்களுக்கு எடை கூடியது.

கல்கத்தா இந்த விளையாட்டுக்குப் புதிய ஊரல்ல. 1769 ஜனவரி 16 அன்றே கிடர்பூருக்குத் தென்மேற்கே, கார்டன் ரீச்சையும் தாண்டியுள்ள ஆக்ராவில் பந்தயம் நடந்திருக்கிறது. (தாஜ்மகால் ஆக்ரா வேறு, இது ஹூக்ளிக் கரையில்.) குறுகலான, கரடுமுரடான தற்காலிகத் தடம். 1798இல் கவர்னர் ஜெனரலாக வந்த வெல்லெஸ்லிக்குச் சூதாட்டம் பிடிக்காது. பந்தயம் கொஞ்ச காலம் படுத்துக்கொண்டது. பிறகு மைதானத்துக்கு இடம் மாறி, 1820இல் பார்வையாளர் மேடை எழும்பியது. 1842இல் கல்கத்தா டெர்பி தொடங்கியது, 1847இல் டர்ஃப் கிளப்.

அந்த முதல் டெர்பி யாருக்கு? அதுவரை ஒரு பந்தயமும் வென்றிராத அரபுக் குதிரைகளுக்கு. இங்கிலாந்துப் பெயர், அரபு ரத்தம், வங்காளத்துக் குளிர். கொஞ்ச காலம் ஓடியது, ஈர்ப்பு குறைந்தது. அப்போது கல்கத்தாக்காரர்கள் செய்த காரியம் இன்றைக்கும் கவனிக்கத்தக்கது. டெர்பி என்ற பெயரைக் கட்டிக்கொண்டு அழவில்லை. அதைக் கைவிட்டு, பிற்பாடு வைஸ்ராய் கோப்பை என்று புகழ்பெற்ற பந்தயத்துக்கு இடம் கொடுத்தார்கள். எங்கே பிறந்த குதிரையும் வரலாம். கப்பலில் வந்திறங்கிய ஆஸ்திரேலியக் குதிரையும் இங்கிலாந்துக் குதிரையும் ஒரே கோட்டில் நின்றன.

தேதியும் ஒன்றுதான்: கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26. அந்த ஒரு நாளுக்காகச் சமஸ்தான அதிபதிகள் ரயிலேறினார்கள். வைஸ்ராயின் ராணுவச் செயலாளராக இருந்த லார்ட் வில்லியம் பெரஸ்ஃபோர்டு போன்றவர்கள் குதிரை சேர்த்தார்கள். பிற்காலத்தில் கல்கத்தா ஆர்மீனியரான கால்ஸ்டான் ஒரு பெரிய லாயமே நடத்தினார். 1911இல் தலைநகரம் டெல்லிக்குப் போவதாக அறிவிப்பு வந்த பிறகும் வைஸ்ராய் ஆண்டுக்கடைசியில் கல்கத்தா வருவதை விடவில்லை. தங்கியது கிடர்பூருக்கு அடுத்த அலிப்பூரின் பெல்வெடியர் மாளிகையில். இன்று அது தேசிய நூலக வளாகம். பந்தயத்தின் தரத்தைக் குதிரை உயர்த்தியது உண்மை. குதிரைகளை ஒன்றாகக் கொண்டுவந்து சேர்த்தது அந்தத் தேதி.

1940களில் ஆட்டம் மாறியது. போர்க்காலத்தில் 1943ஆம் ஆண்டு பம்பாய் மகாலட்சுமி மைதானத்தில் முதல் இந்தியன் டெர்பி. பரோடா மகாராஜாவின் பிரின்சஸ் பியூட்டிஃபுல் என்ற பெண்குதிரை, எட்கர் பிரிட் என்ற ஆஸ்திரேலிய ஜாக்கியைச் சுமந்து வென்றது. இந்தியாவில் பிறந்த குதிரைக்கு இனி உயர்ந்த மேடை பம்பாய்தான் என்று ஆயிற்று. டிசம்பரில் இரண்டு கின்னியஸ், அடுத்து ஓக்ஸ், பிப்ரவரி முதல் ஞாயிறு டெர்பி, செப்டம்பர் வாக்கில் புனேயில் செயின்ட் லெஜர்.

அதோடு நின்றிருந்தால் ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் கைவிட்ட டெர்பியையும் சேர்த்து, கல்கத்தாவுக்கும் ஒரு முழு செட் கிளாசிக்ஸ். சென்னையில் சவுத் இந்தியா டெர்பி, ஹைதராபாத்தில் கோல்கொண்டா டெர்பி, பெங்களூரில் விண்டர் டெர்பி. பம்பாயோடு சேர்த்து இவை குளிர்காலத்து ஐந்து. இது போக 2024 வரை கோடையில் ஊட்டியில் நடந்த நீலகிரி டெர்பி, ஜூலையில் பெங்களூரின் இன்னொரு டெர்பி, அக்டோபரில் மைசூர், அதே மாதம் ஹைதராபாத்தில் டெக்கன் டெர்பி, புனே டெர்பி, கல்கத்தாவிலேயே மழைக்காலத்துக்கென்று மான்சூன் டெர்பி. ஒரே முகூர்த்தத்தில் ஐந்து வீட்டுக் கல்யாணம் வைத்தால் எந்தப் பந்தியில்தான் கூட்டம் நிறையும்?

பம்பாயிலிருந்து கல்கத்தாவுக்குச் சாலை வழி ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். குதிரை லாரியில் நின்றபடியே வர வேண்டும். வந்து உடம்பு தேறி, தண்ணீருக்கும் தரைக்கும் பழக வேண்டும். ஜனவரியில் கல்கத்தாவில் ஓடிவிட்டு, பிப்ரவரி முதல் ஞாயிறு பம்பாயில் நிற்பது எந்த டிரெயினருக்கும் பயம் தரும் கணக்கு. பரிசுத் தொகையும் அங்கே பெரிது. ஆக, நல்ல குதிரையின் சொந்தக்காரர் கல்கத்தாவைத் தவிர்ப்பதில் துரோகம் ஒன்றுமில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

பாதிப்பு அதற்குப் பிறகு வருகிறது. டெர்பி வென்ற குதிரை நாளை பொலிகுதிரை ஆகும், அல்லது தாய்க்குதிரை ஆகும். ஏலப் பட்டியலில் அதன் பெயருக்குக் கீழே 'டெர்பி வெற்றி' என்று தடித்த எழுத்தில் அச்சாகும். எந்த டெர்பி, எதிரே யார் ஓடினார்கள் என்பதை அந்த எழுத்து சொல்லாது. இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் ஐரோப்பா 1971இல் ஒரு பொதுக் குழுவை வைத்துப் பந்தயங்களைத் தரம் பிரித்தது. முதல் தரம் என்ற முத்திரை நிலைக்க, மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனவற்றின் பந்தயத்தில் முன்னணியில் வந்த குதிரைகளின் மதிப்பெண் மூன்றாண்டுச் சராசரியில் 115ஐ எட்ட வேண்டும். எட்டாவிட்டால் எத்தனை பழைய பந்தயமானாலும் படி இறங்கும். பாரம்பரியம் தேதிக்கும் வளைந்து கொடுத்தது. புதன்கிழமை என்றால் எப்சம் டெர்பி என்றிருந்ததை, 1995இல் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள்.

ஜப்பானின் வழி இன்னும் சுருக்கம். மத்தியப் பந்தயங்கள் எல்லாம் ஒரே அமைப்பின் கையில். ஏப்ரலில் சத்சுகி ஷோ, மே கடைசியில் டோக்கியோவில் டெர்பி, அக்டோபரில் கிகுக்கா ஷோ; அந்த அமைப்பின் காலண்டரில் டெர்பி ஒன்றுதான். இரண்டு வயதுக் குதிரைகளுக்கு உச்சத் தரப் பந்தயம் இன்னொன்று வேண்டும் என்று தோன்றியபோதும் அவசரமில்லை; ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஹோப்ஃபுல் ஸ்டேக்ஸை 2017இல்தான் முதல் தரத்துக்கு உயர்த்தினார்கள்.

இந்தியாவில் அப்படி ஒரே மேடைக்கு வழியில்லை என்று சொல்லிவிட முடியாது. வழி ஏற்கெனவே இருக்கிறது: இன்விடேஷன் கப். ஐந்து கிளப்புகளின் மைதானங்களில் முறைவைத்துச் சுற்றி, மார்ச் வாக்கில் நடக்கும் பந்தயம். நான்கு வயதுக்காரர்களுக்கு மட்டும் 2,400 மீட்டர். குளிர்காலம் முழுக்க வெவ்வேறு ஊரில் டெர்பி வென்ற குதிரைகள் அங்கே ஒன்றுகூடி மோதும். கல்கத்தாவின் முறை வரும் ஆண்டில் ஹேஸ்டிங்ஸ் முக்கில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. டிசம்பர் 26 காலத்துக் கூட்டத்தின் சாயலை அன்றைக்குப் பார்க்கலாம்.

ஆனால் கிளப்புகள் தங்கள் செட்டைக் குறைக்க முன்வருவதில்லை. டெர்பி என்றால் விளம்பரதாரர் கிடைப்பார், கிளப்பின் பந்தயக் கவுண்டரான டோட்டில் வசூல் ஏறும். பரிசுப் பணம் பெரும்பாலும் பந்தயம் கட்டுகிறவர் பணத்திலிருந்து கிளப் எடுக்கும் பங்குதானே. 2017 ஜூலையில் பந்தயப் பணத்தின் மேல் 28 சதவீத ஜி.எஸ்.டி. விழுந்தது; 2025 செப்டம்பர் 22 முதல் அது 40. கட்டுகிறவர் வரி கட்டாத புக்கியிடம் நழுவ, டோட்டில் பணம் வற்ற, பரிசு சுருங்க, குதிரை வேறு ஊர் பார்க்கிறது. வசூல் குறையும்போது கிளப்புக்கு இன்னும் ஒரு 'பெரிய நாள்' தேவைப்படுகிறது. சுற்றிச் சுற்றி அதே இடம்.

கல்கத்தா தன் டெர்பியை மார்ச்சுக்குத் தள்ளலாம், அல்லது செயின்ட் லெஜரைக் கைவிட்டு அந்தப் பணத்தையும் ஒரே பந்தயத்தில் கொட்டலாம். இரண்டுமே உள்ளூர்ச் சொந்தக்காரர்களுக்குப் பிடிக்காது. அவர்களுக்குக் கிடைக்கிற சுலபமான கோப்பை ஒன்று போய்விடும். அவர்களுடைய ஓட்டில்தான் கிளப் நிர்வாகம் நடக்கிறது.

ஐந்து மையங்களில் ஒன்றான சென்னைக் கிண்டியிலோ, காலண்டரைப் பற்றிய கவலையே பின்னுக்குப் போய்விட்டது. 1974இல் சட்டம் போட்டுப் பந்தயத்தை நிறுத்தப் பார்த்த ஊர் அது. இது திறமை ஆட்டம் என்று 1996 ஜனவரி 12இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. 2024 செப்டம்பரில் 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை அரசு ரத்து செய்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)