'பாப்பாவை எப்போம்மா திருப்பிக் கொடுப்போம்?'

ஆஸ்பத்திரியில் 'அய், குட்டிக் கை!' என்று குதித்த மூன்று வயது அக்கா, வீட்டுக்கு வந்த நாலாம் நாள், 'பாப்பாவை எப்போம்மா திருப்பிக் கொடுப்போம்?' என்று கேட்கிறாள். வீடே சிரிக்கிறது. சிரிக்காதீர்கள், அவள் நிஜமாகத்தான் கேட்கிறாள்!

யோசித்துப் பாருங்கள். நேற்றுவரை அம்மா மேல் கால் போட்டுத் தூங்கியவள். திடீரென்று, 'தையல் போட்டிருக்கு, மேல ஏறாதே' என்று பாட்டியின் பாய்க்கு மாற்றப்படுகிறாள். வருகிறவர்கள் நேரே தொட்டிலுக்குப் போகிறார்கள். போகிற போக்கில், 'இனிமே உன் மவுசு போச்சுடி!' என்று இவள் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். அவர்களுக்கு அது தமாஷ். அவளோ அப்படியே நம்பிவிடுகிறாள்.

பிறகுதான் ஆரம்பிக்கும். ராத்திரி படுக்கையை நனைக்காமல் இருந்த குழந்தை மறுபடி நனைக்கும். தானே சாப்பிட்டவள் 'ஊட்டி விடு' என்பாள். மழலை திரும்பும், விரல் வாய்க்குப் போகும். நாம் பிடிவாதம் என்று பெயர் வைத்து முதுகில் ஒன்று வைக்கிறோம். பாப்பாவாக இருந்தால்தான் அம்மா கொஞ்சுவாள் என்பது அவள் போட்ட கணக்கு. கண்ணெதிரே நடப்பதும் அதுதானே! அடித்தால் இது நீளும். 'சரி வா, இன்னிக்கு நீயும் பாப்பா' என்று அணைத்துக்கொண்டால், பெரும்பாலும் சில வாரங்களில் தானாக அடங்கும். (சிசேரியன் ஆனவர்கள் தூக்க வேண்டாம், உட்கார்ந்தபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டாலே போதும்.) சிறுநீர் போகும்போது எரிச்சல், அளவுக்கு மீறிய தாகம் இருந்தால் மட்டும் ஏக்கம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பால் கொடுக்கும் நேரம்தான் பெரிய சிக்கல். பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும். அத்தனை தடவையும் மூத்தவள் ஒதுக்கப்படுகிறாள். இன்னொன்று, பால் கொடுக்கும்போது கருப்பை சுருங்குவதால் அடிவயிற்றில் வருகிற வலி, இரண்டாவது பிரசவத்தில் கூடுதலாகவே தெரியும். சில நாளில் சரியாகிவிடும். ஆனால் அம்மா முகம் சுளிப்பதைப் பார்க்கிற குழந்தை, 'பாப்பா அம்மாவைக் கடிக்குது' என்று நினைத்துக்கொள்ளும். 'வயித்துலதான் வலிடா, பாப்பா ஒண்ணும் பண்ணலே' என்று சொல்லிவிடுங்கள். உட்காருமுன் அவளுக்கும் ஒரு வாழைப்பழம், ஒரு படப்புத்தகம் பக்கத்தில் இருக்கட்டும். உங்களுக்கு ஒரு கை சும்மாதானே இருக்கிறது?

துணி எடுத்துத் தருவது போன்ற சின்ன வேலைகள் கொடுக்கலாம். ஆனால் இரண்டு பேரையும் ஒரு நிமிஷம்கூடத் தனியே விடாதீர்கள். கோபத்தில் கிள்ளுவதைவிட, பாசத்தில் முறுக்கை ஒடித்து பாப்பா வாயில் வைப்பதுதான் ஆபத்து! முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாமே.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. 'தொந்தரவு பண்ணாம வா' என்று பெரியவளை வெளியே கூட்டிப்போவது நல்ல மனசுதான். அதைவிட, பால் குடித்து முடித்த பாப்பாவை நீங்கள் வாங்கிக்கொண்டு, பெரியவளைப் பத்து நிமிஷம் அம்மாவிடம் விடுங்கள். புதுசாகப் பள்ளியில் சேர்ப்பது, பாட்டி ஊருக்கு அனுப்புவது எல்லாம் இந்த நேரத்தில் வேண்டாம். அம்மாவின் முகத்தையும் கொஞ்சம் பாருங்கள். முதல் சில நாள் காரணமில்லாமல் கண் கலங்குவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, பாப்பா தூங்கினாலும் அவருக்குத் தூக்கம் வரவில்லை என்றால், உடனே டாக்டரைப் பாருங்கள்.