மலைநாட்டு ஆட்டுக்கும் வெப்பமா?

கம்பளி போர்த்தி நடக்கும் பூண்டுலோயாவில் ஆடு வெப்பத்தால் வாடுகிறது என்றால் நகைப்போரும் உளர். மாசி, பங்குனி மாதங்களில், லயத்துக் கோடியிலுள்ள தகரக் கொட்டிலுள் நண்பகல்வேளை அவர்கள் தலையை நீட்டிப் பார்ப்பார்களாக!

ஆட்டின் உடல்வெப்பம் ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ். நம்முடையதிலும் இரண்டு பாகை மிகுதி. தழையை நொதிக்கச் செய்யும் அதன் பெரிய இரைப்பையோ உள்ளே எரியும் ஓர் அடுப்பு. நம்மைப்போல் அதற்கு வியர்வை பெருகுவதில்லை, மூச்சே விசிறி. ஓய்விலே நிமிடத்துக்கு 15 முதல் 30 தடவை சுவாசிக்கும் ஆடு, புழுக்கத்தில் நூறு தடவைக்கு மேலும் இரைக்கும். அவ்வாறு இரைக்கையில் கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் குருதியின் காரத்தன்மை உயர்கிறது. அடுப்பைத் தணிக்கவே தீனியையும் குறைத்துக்கொள்கிறது. பால் வற்றுகிறது, பாலுண்ணும் குட்டி மெலிகிறது. வீட்டாரோ நோய் என்றெண்ணி மருந்துக்குக் காசு தேடுகின்றனர்.

இனத்துக்கு இனம் தாங்கும் ஆற்றல் வேறு. சினாய்ப் பாலைவனத்துக் கறுப்பு ஆடு சில நாட்கள் நீரின்றி மேய்ந்து, பின்னர் ஒரே மூச்சில் தன் எடையின் மூன்றிலொரு பங்குக்கு மேல் குடிக்கவல்லது. புத்தளம் மாவட்டத்திலே உருவான கொட்டுக்கச்சிய இனம் உலர்வலயத்துக்கு ஏற்றது. பாலுக்குப் பேர்பெற்ற சானன் ஆடோ சுவிற்சர்லாந்தின் குளிரில் வளர்ந்த இனம். தகரத்தின்கீழ் அதனை அடைப்பது கொடுமையன்றோ?

தகரத்தின்மேல் மானாப்புல் வேய்ந்து, கூரையடியில் காற்றுக்கு வழி விடலாம். நீர் எந்நேரமும் இருக்கவேண்டும். தழையின் பெரும்பங்கை மாலையில் இடுதல் நன்று. வெயில் தணிந்து கொட்டில் குளிர்ந்த பின்னும் இரைப்பு அடங்காவிடின், தாமதியாது கால்நடை வைத்தியரை அழைக்கவேண்டும்.